நெட் இன்னும் வரவில்லை

ஆல்வின் ஏதோ சொல்ல வந்தான். அவன் வலது கை நெஞ்சுவரை உயர்ந்தது. வெளியே மின்னல் வெட்டியது. திரையில் கை அப்படியே நின்றுவிட்டது.

வாசற்படியில் நின்றிருந்த ஜெயகரனுக்கு இடி கேட்டது. பொன்மலருக்குத் தரை அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. மோடத்தின் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. சற்று நேரத்தில் கரண்டும் போனது.

மெழுகுவத்தியை ஏற்றி வைத்ததும் பொன்மலர் அண்ணனிடம் கையால் பேசினாள்.

"ஒண்ணு சொல்லணும், பொறுமையா பாருன்னான். அதுக்குள்ள போயிடுச்சு."

"இன்னாவா இருக்கும்?"

இரண்டு உள்ளங்கைகளின் நுனிகளையும் கூரைபோல் சேர்த்துக் காட்டினாள். வீடு. ஆக்ராவில் வீடு கிடைத்திருக்கும்.

போன ஆகஸ்டில் ஆல்வின் ஆக்ராவுக்குப் போனான். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் காது கேட்காத நண்பர்கள் சிலர் வேலை பார்த்தார்கள், அவர்கள் கூப்பிட்டார்கள். வீடு பார்த்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று பொன்மலரிடம் சொல்லிவிட்டுப் போனான். இருவரும் பிறவியிலேயே காது கேட்காதவர்கள். ஆம்பூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது பழகி, கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் தோல் வெட்டினான். அவள் அதைத் தைத்தாள். அவன் போன பிறகு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வீட்டில் இப்போது அவர்கள் இரண்டு பேர்தான்.

செல்போன் இருந்தது. ஆனால் எழுத்து அந்தத் தம்பதிக்கு இரவல் செருப்பு. 'சாப்டியா', 'இங்க மழை', 'சண்டே 6' என்பதற்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. பேச வேண்டுமென்றால் கை தெரிய வேண்டும், முகம் தெரிய வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை மாலையும் கேமராவும் இருந்தன.

பஜாரில் பிரவுசிங் சென்டர் இல்லாமல் இல்லை. ஒரு முறை போனாள். வெளியே நின்ற பையன்கள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். ஒருவன் அவளைப்போலவே கையை ஆட்டிக் காட்டினான். பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜெயகரன் வேறொரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டான். அங்கே கேமரா வைக்கக் கூடாது. டிசைன் வெளியே போய்விடும் என்று முதலாளிக்குப் பயம். அங்கே கழித்துப்போட்ட மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தான். முதலில் விண்டோஸ் போட்டான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வைரஸில் படுத்துக்கொண்டது. லினக்ஸ் போட்டான். நன்றாக ஓடியது, ஆனால் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை. அதிலேயே இன்னும் வெளிவராத, செய்துகொண்டே இருக்கிற பதிப்பு ஒன்று இருந்தது. அது கேமராவைப் பார்த்த மாத்திரத்தில் பச்சை விளக்கை எரியவிட்டது. அன்றைக்குப் பொன்மலர் அவன் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்தப் பதிப்பில் நேற்று ஓடியது இன்று ஓடும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. தினமும் எதையாவது மாற்றுவார்கள். கோளாறு இருந்தால் எழுதிப் போடுங்கள் என்பார்கள். ஜெயகரன் எழுதிப் போடுவான். ஒரு முறை எங்கோ இருக்கிற ஒருவர் அவன் பெயரைச் சொல்லி நன்றி எழுதியிருந்தார். அதை அவன் யாரிடமும் காட்டவில்லை. அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்வான்.

மின்னல் அடித்த ஞாயிறு மத்தியானம், சர்ச்சிலிருந்து வந்த கையோடு, அந்த வாரத்து மாற்றங்களையெல்லாம் அவன் இறக்கிப் போட்டிருந்தான். மெஷினை அணைத்துப் போட்டால்தான் அவை வேலைக்கு வரும்.

மறுநாள் கரண்ட் வந்ததும் மெஷினைப் போட்டான். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்தன. ஹார்டு டிஸ்க்கைக் காணவில்லை என்றது. கீழே கர்சர் துடித்தது.

பொன்மலர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தாள். அது எழுந்து வருகிறதா என்பதை அந்த நடுக்கத்தில் தெரிந்துகொள்வாள்.

"உள்ள ஓடுது. அப்புறம் நின்னுடுது."

"டிஸ்க் இல்லன்னு சொல்லுது."

"இருக்கே. கைக்குத் தெரியுதே." அவள் திரையை முறைத்துவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கும் கேக்காதா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அந்த வாரம் முழுக்க மாலை வேளைகள் அதிலேயே போயின. அந்த இடத்தில் அதிகமாக ஒன்றும் தட்ட முடியாது. நாலைந்து கட்டளைகளுக்குத்தான் பதில் வரும். டிஸ்க் ஒயரைக் கழற்றி மாட்டினான். வேறு ஒயர் போட்டான். சனிக்கிழமைதான், மெஷினின் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரிகிறது என்று அதையே கேட்டுப் பார்க்கத் தோன்றியது. டிஸ்க் அங்கேயே இருந்தது. புதிதாக இறங்கிய மாற்றம் டிஸ்குகளுக்கு எல்லாம் பெயரின் முதல் எழுத்தை மாற்றிவிட்டிருந்தது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? தொடங்கும் வரியில் ஓர் எழுத்தைத் திருத்தினான். உள்ளே போய் இன்னோர் இடத்திலும் திருத்தினான். மெஷின் எழுந்துகொண்டது.

பொன்மலர் கையை எடுக்காமலே தலையாட்டினாள். பிறகு ஒற்றை விரலால் தன் இடது புருவத்தைக் கீறிக் காட்டினாள். ஆல்வினுக்குப் புருவத்தில் தழும்பு. வீட்டில் அதுதான் அவன் பெயர். "எப்போ?"

"மோடமும் நெட் கார்டும் எரிஞ்சு போச்சு. மாத்தணும்."

மோடத்தை மாற்ற ஆள் வர மேலும் ஒரு வாரம் ஆனது. நெட்வொர்க் கார்டுக்கு ஜெயகரன் முனீர் அகமதின் கடைக்குப் போனான். முனீர் பஜாரில் கம்ப்யூட்டர் சாமான் விற்றார்.

"இன்னா ஜெயா, மறுபடியும் படுத்துக்கிச்சா?"

"மின்னல், பாய்."

"மின்னலு எங்க வூட்டு மேலயும்தான் வெட்டுச்சு. என் விண்டோஸ் ஜம்முனு ஓடுதே."

"உங்க வூட்ல டெலிபோன் ஒயரே இல்லியே பாய்."

"அத்த வுடு." முனீர் ஏணியில் ஏறி ஒரு டப்பாவை இழுத்தார். "ஊரு ஒலகமே வெந்த பிறகு சாப்புடுது. நீ மட்டும் பிரியாணிய தம் உடைக்கறதுக்கு முன்ன மூடியத் தொறக்கற. அப்புறம் அரிசி கடிக்குதுன்னு எங்கிட்ட வந்து பேஜாரு."

"வெந்ததுல கேமரா வரல பாய்."

முனீர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தங்கச்சி எப்டிக்குது? ஊட்டுக்காரன் கூப்டானா?"

"கூப்புடுவான்."

"இந்தா. நல்ல கார்டு. போட்டவுடனே வரும்."

போட்டவுடனே வரவில்லை. கார்டின் விளக்கு எரிந்தது, மோடத்தின் விளக்கு எரிந்தது, நெட் மட்டும் வரவில்லை. நெட்டுக்கான எண்களைத் தானே அடித்துக் கொடுத்துப் பார்த்தான். கார்டை அடுத்த ஸ்லாட்டில் செருகிப் பார்த்தான். அந்த ஞாயிறும் போனது. பொன்மலர் ஆறு மணிக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு எழுந்து இட்லிக்கு அரிசி களைந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் ஆபீஸில், அந்தப் பதிப்பைச் செய்கிறவர்களின் கடிதங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தான். யாரோ ஒருவருக்கு இதே கோளாறு வந்திருந்தது. பதிலும் இருந்தது. மெஷின் ஒரு கார்டை முதன்முதலில் பார்க்கும்போது அதற்கு ஒரு பெயர் வைத்து எழுதிக்கொள்கிறது. கார்டு எரிந்து குப்பைக்குப் போன பிறகும் அந்தப் பெயரை வேறு எதற்கும் கொடுப்பதில்லை. புதுக் கார்டு இரண்டாம் பெயரோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் இன்னும் முதல் பெயரைத்தான் தேடுகின்றன. பழைய வரியை அழித்துவிட்டு மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டால் போதும்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. ஆல்வின்.

'மச்சான். இங்க ஒருத்தி இருக்கா. அவளுக்கும் காது கேக்காது. இப்போ ஒண்ணா இருக்கோம். நான் வரமாட்டேன். மலர் இங்க வரவேண்டாம். அன்னிக்கு சொல்ல வந்தேன். முடியல. நெட் ரிப்பேர்னே சொல்லுங்க. அவ மறந்துடுவா.'

எழுத்துகள் முன்னும் பின்னுமாக இருந்தன. ஜெயகரன் இரண்டு முறை படித்த பிறகுதான் இந்த அர்த்தம் தேறியது. 'நீயே சொல்லு' என்று அனுப்பினான். பதில் வரவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனான். பொன்மலர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் வரல," என்றான் கையால்.

"எதுனா கண்டுபுடிச்சியா?"

"தேடிட்டிருக்கேன்."

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து வெறுமனே எதையோ தட்டினான். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவன் விரல்கள் போவதையே கவனித்தாள். புதன் அப்படிப் போனது. வியாழன் அப்படிப் போனது. வெள்ளிக்கிழமை அவன் கோபப்படுகிற மாதிரி விசைப்பலகையைத் தள்ளிவைத்தான். அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்ல. வீடு ஓடிப்போகாது."

தானாகத் தெரியவரும், கொஞ்ச நாள் போகட்டும் என்று அவன் நினைத்தான். அவளுக்கு வேலை இருந்தது, தையல் லைனில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். அந்த இரைச்சலில் அவள் ஒருத்திதான் நிம்மதியாகத் தைக்கிறாள் என்று அவர்கள் கேலி பேசுவார்கள். அவள் திருப்பிக் கேலி செய்வாள். அது அவளைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தான்.

சனிக்கிழமை அவள் ஒரு ஸ்வீட் டப்பாவோடு வந்தாள். பக்கத்து மெஷின் சகீனா ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடா. ஒன்றை எடுத்து நேராக அவன் வாயில் வைத்தாள். அவன் மென்று விழுங்கிய பிறகுதான் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"வேலையை விட்டுட்டேன்."

ஜெயகரனின் கைகள் மடியிலேயே கிடந்தன.

"இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்தாத்தான் கணக்கு சீக்கிரம் முடியுமாம். அவன் வான்னு சொன்னா அன்னிக்கே காட்பாடில ரயில் ஏறணும். இங்க லீவு, நோட்டீஸ்னு உட்கார்ந்திருக்க முடியுமா?" அவள் கைகள் வேகமாகப் போயின. "சூப்பர்வைசர் கோச்சுக்கிட்டாரு. புதுசா பொண்ணுங்க வர்றாங்களாம். திங்கள்லேர்ந்து என் மெஷின்ல வேற ஆளு."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"உன்னைக் கேட்டா இன்னா சொல்லுவே? நெட் வரட்டும்னு சொல்லுவே." உதட்டைப் பிதுக்கி அவனைப்போலவே முகத்தை வைத்துக் காட்டினாள். "இன்னொண்ணு சாப்புடு."

அவன் சாப்பிட்டான்.

ஞாயிறு சர்ச்சில் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது ஜெயகரன் நடுவிலேயே எழுந்து வீட்டுக்கு வந்தான். அந்தப் பழைய வரியைத் தேடி எடுத்தான். அழித்தான். இரண்டாம் பெயரை முதல் பெயராகத் திருத்தினான். மெஷினை அணைத்துப் போட்டான். எல்லாம் சேர்ந்து ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நெட் வந்தது.

ஆல்வினுக்கு எழுதினான். 'நெட் வந்துடுச்சு. அவ வேலையை விட்டுட்டா. ஆறு மணிக்கு நீ வரணும்.'

ஆறு மணிக்கு ஆல்வின் திரையில் வந்தான். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் வேறு ஒரு சுவர் இருந்தது. இளஞ்சிவப்பில் பூப்போட்ட திரைச்சீலை. பொன்மலர் இரண்டு கைகளையும் தூக்கி அவனை வரவேற்றாள். ஜெயகரன் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்காமல் இருக்க அவனுக்கு அது ஒன்றுதான் வழி.

ஃபேன் ஓடியது. அவள் பேசும்போது வளையல்கள் சலசலத்தன. முதலில் நிறையப் பேசினாள். பிறகு நிறுத்தினாள். நீண்ட நேரம் வளையல் சத்தம் இல்லை. ஒரு முறை சட்டென்று குலுங்கியது, ஒரே ஒரு கேள்வி. மறுபடி இல்லை. தெருவில் தோல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று போனது. அது போன பிறகும் வெகு நேரம் அவன் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தோளில் கை விழுந்தது. திரும்பினான்.

திரையில் ஆல்வின் இல்லை. சாட் ஜன்னல் சாம்பல் நிறத்தில் திறந்தே கிடந்தது. பொன்மலர் அழவில்லை. அவள் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்னு சொல்றான்."

"ஆமா."

"எப்போ?"

"செவ்வாய்க்கிழமை."

அவள் மோடத்தைக் காட்டினாள். பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. "இது?"

பொய் சொல்ல அவன் கைகளுக்கு வரவில்லை. "அதுவும் அன்னிக்கே தெரியும்."

அவள் அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். பிறகு மெதுவாக, படம் சரியாக வராத நாட்களில் ஆல்வினிடம் பேசுகிறமாதிரி, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நேத்து நான் விட்டுட்டேன்னு சொன்னேன். நீ இன்னொண்ணு எடுத்துச் சாப்ட்டே."

ஜெயகரன் கைகளை உயர்த்தினான். உனக்காகத்தான் என்று தொடங்கினான். உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான்.

பொன்மலர் குனிந்து மானிட்டரின் பொத்தானை அழுத்தினாள். அவன் கைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, சுவர் ஓரமாக நடந்துபோய் டியூப்லைட்டை அணைத்தாள்.