குதிரை நிலை

"அய்யா, என்னையத் தள்ளுங்க."

களத்தில் காய்ந்த முண்டு மிளகாய் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த தங்கப்பாண்டி நிமிர்ந்தார். பள்ளிக்கூடச் சீருடையோடு மகள் பூங்கோதை நின்றாள். கால்களை அகலப் பரப்பி, முழங்காலை மடக்கி, இறுக்கிய கைகளை இடுப்போடு சேர்த்து வைத்திருந்தாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த மாதம்தான் கராத்தே தொடங்கியிருந்தது.

"இது என்னத்தா, நாற்காலி இல்லாம உக்காந்திருக்க?"

"குதிரை நிலைங்கய்யா. மொதப் பாடம். வீட்ல யாரையாச்சும் தள்ளச் சொல்லிப் பாக்கணும்னு மாஸ்டர் சொன்னாரு. அம்மா தள்ளுச்சு, அசையல. சித்தப்பாவும் தள்ளிப் பாத்தாரு."

அவருக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எதிரே போய் நின்றார். ஒல்லிப் பிள்ளைதான், ஆனாலும் நட்டுவைத்த கல்லைப்போல நின்றாள்.

அவருடைய கை தோள் உயரத்துக்கு எழும்பியதுதான் தாமதம், பூங்கோதையின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. முகம் ஒரு பக்கம் திரும்பியது. இடுப்பிலிருந்த கைகள் பறந்துவந்து கன்னத்தை மறைத்தன. கால் பிசகி, வத்தல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் விரல்கூட அவள்மேல் படவில்லை.

"ஏத்தா, நான் ஒன்னைய என்னைக்காச்சும் அடிச்சிருக்கேனா?"

பூங்கோதை எழுந்து, உடையில் ஒட்டிய விதைகளைத் தட்டினாள்.

"என்னைய இல்லங்கய்யா."

தங்கப்பாண்டி குடியை விட்டு வெகுநாளாகிவிட்டது. அதன்பிறகு மனைவி சுகந்திமேல் கைவைத்ததில்லை. அவளும் அந்தப் பழைய நாட்களைப் பற்றி வாய்திறந்ததில்லை. அதனாலேயே எல்லாம் தீர்ந்துபோனதாக நினைத்திருந்தார். அப்போதெல்லாம் பிள்ளை சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்ததாகத்தான் நம்பினார். போதையிலும் ஒருதரம் குனிந்து பார்த்திருக்கிறார். கண் மூடித்தான் இருந்தது. தூங்குகிற பிள்ளை அவ்வளவு இறுக்கிக் கண்ணை மூடாது என்பது இப்போதுதான் உறைத்தது.

"இன்னொருக்கத் தள்ளுங்கய்யா. இந்தவாட்டி அசைய மாட்டேன்."

மறுபடியும் காலைப் பரப்பி நின்றாள். இமைக்காமல் இருக்க எடுத்த முயற்சியில் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"வேணாம்த்தா. போதும்."

"தள்ளுங்கய்யா."

அவர் கையை மெதுவாக, மிக மெதுவாகத் தூக்கினார். பாதியில் அது நின்றுவிட்டது. மேலே கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. களத்தின் மறுமுனையில் சுகந்தி, தலையிலிருந்த கூடையை இறக்காமல், அந்தக் கையையே பார்த்தபடி நின்றாள்.