நுரை இறுகும் வரை

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று, அந்தக் காரிலிருந்து எதையெல்லாம் பிடுங்க முடியுமோ அதையெல்லாம் அவள் கணவன் பிடுங்கி எறிந்திருந்தான். பின் சீட், ரேடியோ, கதவுகளின் உள்பலகை, கூரைத் துணி எல்லாம் போய்விட்டன. ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தகடு. பிரேக் பெடலில்கூடத் துளை போட்டு, உதிர்ந்த இரும்புத் தூளைச் சமையலறைத் தராசில் கொட்டி எடை பார்த்தான். அடுத்த இரண்டு நாள் வீட்டில் எதைத் தின்றாலும் பல்லில் நறநறவென்றது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மெதுவாக மேலே போய் மெதுவாகக் கீழே வரும் பெட்டிகளோடு நாள் முழுக்க மாரடிப்பவன். அந்த மெதுவெல்லாம் உள்ளே சேர்ந்து சேர்ந்துதான் இப்படி ஒரு காராக வெடித்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். நசுங்கிப்போன ஒரு பெரிய வேனின் எஞ்சினைத் தூக்கி இந்தச் சின்னக் காருக்குள் திணித்து, வேகம் கூட்ட அதற்கு ஒரு டர்போவும் மாட்டியிருந்தான். ஸ்டார்ட் செய்தால் மாடியில் மாமியாரின் பால் பாத்திரம் அடுப்பை விட்டுத் தானாக நகரும்.

எல்லாம் வரப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக. ஊருக்கு வெளியே, விமானம் வராமல் புல் முளைத்துக் கிடக்கும் பழைய ஓடுதளத்தில், வீட்டில் கட்டிய கார்களை ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். ஒரு காருக்கு ஓர் ஆள், ஒரே ஒரு ஓட்டம்.

கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்க உள்ளே கட்டிய கம்பிக் கூண்டின் வெல்டிங் தழும்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அவள். எஞ்சினுக்கு அடியில் படுத்து, மூக்கில் எண்ணெய் சொட்டச் சொட்ட டார்ச் பிடித்ததும் அவள்தான். ஆகவே ஒருநாள் ஸ்பேனரை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, நான் ஓட்டட்டுமா?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் எரிச்சல். "நீ ஓட்டினா கை தட்டுறது யாரு?"

அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பு வாயைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை.

மறுநாள்தான் அவன் கியர் குமிழ் கேட்டான். அவள் வேலை செய்வது பல் செட் செய்யும் லேபில். "உங்க லேப்ல ஈறு செய்வீங்களே, அந்த ரோஸ் கலர்ல ஒரு குமிழ் செஞ்சு தாயேன். எடையே இருக்காது." அவள் மெழுகைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தி, அந்த அச்சிலேயே வார்த்துக் கொண்டுவந்தாள்.

"கொஞ்சம் சின்னதா இருக்கே?"

"சின்னதா இருந்தா எடை கம்மி."

அவன் உடனே குமிழைக் கியர் கம்பியில் திருகி மாட்டினான். அந்த வீட்டில் எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி எது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு வெல்டரான தன் அண்ணனைப் பிடித்துப் பெடல்களைத் தன் கால் எட்டும்படி சற்றுக் கிட்டே கொண்டுவரச் செய்தாள். "பெடல் கிட்ட வந்துடுச்சா மச்சான்?" என்று கணவன் சந்தேகப்பட்டபோது அண்ணன் கண்ணாடி முகமூடியைக் கழற்றாமலே சொன்னான்: "கம்பி நீளம் குறைஞ்சா எடை கம்மிதானே மாப்பிள்ளை."

கடைசியில் சீட் மட்டும் பாக்கி. இரண்டு டப்பா திரவங்கள். இரண்டையும் கலந்தால் பொங்கி நுரையாகும். வெறும் சீட் கூட்டில் பிளாஸ்டிக் பையை விரித்து, உள்ளே ஊற்றிக் கட்டி, அதன்மேல் உட்கார வேண்டும். நுரை உடம்பைச் சுற்றி எழும்பி, அதே வடிவத்தில் இறுகிவிடும்.

"இறுகுற வரைக்கும் அசையவே கூடாது, புரியுதா?" என்று அவன், தினமும் ஊரார் வாயின் அச்சோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு விளக்கினான்.

"அப்படியா?" என்றாள் அவள், கண்ணை அகல விரித்து.

அவன் ஒரு காலைக் காருக்குள் வைத்ததும் போன் அடித்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர் வேலையை ராஜினாமா செய்வதாகக் கத்திக்கொண்டிருந்தாராம்.

"வந்துடறேன். யாரும் கை வைக்கக் கூடாது!" பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஷெட் அமைதியானது. அவள் டப்பாக்களைப் பார்த்தாள். டப்பாக்களும் அவளைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. இன்னொரு ஜோடி வரவழைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது.

மாடி ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல். "என்னடி, மலைச்சுப்போய் நிக்கிற? அவன் திரும்பி வந்துடப் போறான்."

"அத்தை, தப்பில்லையா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஜன்னல்ல துணி காயப்போட வந்தவ."

அவள் கலந்தாள், ஊற்றினாள், கட்டினாள், உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் ஏதோ மூச்சு விட்டது. வெந்நீர்ப் பை போல இளஞ்சூடாக, மெல்ல எழும்பி இடுப்பைச் சுற்றி வந்தது. உறக்கம் கலைந்த பெரிய மிருகம் ஒன்று இவள் யாரென்று தடவித் தடவிப் படிப்பதுபோல் இருந்தது. இத்தனை வருடம் அடுத்தவர்களை அச்செடுத்தவளை யாரோ அச்செடுப்பது இதுதான் முதல் தடவை.

தீயணைப்பான் மாட்டும் கொக்கியோடு உள்ளே வந்த அண்ணன் அப்படியே நின்றான். "அடிப்பாவி!"

"சிரிக்க வைக்காதண்ணே. சிரிச்சா சீட்டு நெளிஞ்சுடும்."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மாமியார் இறங்கிவந்து எடுத்து அவள் காதில் வைத்தார்.

"யாராவது கை வச்சீங்களா?" என்றது கணவனின் குரல்.

"கை படவே இல்லங்க."

அண்ணன் எண்ணெய்த் துணியை வாயில் அடைத்துக்கொண்டான்.

"ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கழுத்து பிடிச்சுக்கிச்சு. அசைய முடியல."

"தைலம் தடவு," என்றான் அவன் கரிசனமாக. அவளுக்கு ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அதற்குள் நுரை இறுகிவிட்டது.

அவன் திரும்பி வந்து சீட்டைப் பார்த்தான். மூன்று பேரையும் பார்த்தான். மூன்று பேரும் ஷெட்டின் கூரையைப் பார்த்தார்கள்.

"உக்காந்துதான் பாரேன்டா," என்றார் அவன் அம்மா. "நுரைதானே, இடம் குடுக்கும்."

வீம்புக்கு உட்கார்ந்தான். பாதி தூரம் இறங்கியதும் இடுப்பு சிக்கிக்கொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

"நடுவழியில நின்னுடுச்சு," என்றான் அண்ணன். "லிஃப்ட் ஆளுக்கு போன் போடட்டுமா மாப்பிள்ளை?"

அவன் தடுமாறிக் கியர் குமிழைப் பற்றினான். அது அவன் விரல்களுக்குள் அடங்காமல் விலகியது. முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. அப்போதுதான் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது.

"எப்பலேருந்து நடக்குது இது?"

"கை தட்டச் சொன்னீங்களே," என்றாள் அவள். "அன்னியிலேருந்து."

இரண்டு பேராகச் சேர்ந்து அவனை உருவி எடுத்தார்கள். அவன் போய்க் கருவிப்பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தான். "ஓரத்தை அறுத்துட்டா எனக்கு சரியாப்போயிடும்."

அறுத்தால் போச்சு.

மாமியார் குளியலறைத் தராசை இடுக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். "எல்லாத்தையும் எடை போட்டியே, இதையும் போட்டுப் பாரு. ஏறு."

ஏறினான். இறங்கினான். அவள் ஏறினாள். முள் போய் நின்ற இடத்தை அவன் குனிந்து பார்த்தான். உதடு அசைந்தது. பின் சீட்டு, ரேடியோ, உள்பலகை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனையையும் பிடுங்கி மிச்சப்படுத்தியதைவிட அதிக எடை, அவளைவிடக் கூடுதலாக, அவனாக நின்றுகொண்டிருந்தது.

பிறகு கத்தியோடு காருக்குள் தலையை விட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சரக் என்று ஒரே ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தபோது அவன் கையில் விரல் நீளத்துக்கு ஒரு நுரைத் துண்டு.

"இந்த முனை தோள்ல குத்தும்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "கியர் மாத்தும்போது வலிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை, ஓடுதளத்தின் வெள்ளைக் கோட்டருகே, பெல்ட்டை அவனே இறுக்கிக் கட்டினான். பிறகு விரலால் சுட்டிக்காட்டினான். "வளையலைக் கழட்டு. எடை."

கழற்றினாள்.

"கம்மல். கைக்கடிகாரம். அந்தப் போன் எதுக்கு? பையிலே என்ன அது, சீப்பா?"

ஒவ்வொன்றாக வாங்கித் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். அவளது செருப்பைக் கக்கத்தில் இடுக்கினான். "ரெண்டாவது கியர்ல அவசரப்படாதே. அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"தெரியுங்க. டார்ச் பிடிச்சவ நான்தானே."

கொடி இறங்கியது. பின் சக்கரங்கள் ஒரு நொடி நின்ற இடத்திலேயே அலறின. அடுத்த நொடி கார் அங்கே இல்லை. புழுதியும் ரப்பர் வாசனையும் மட்டும் இருந்தன. முதுகை அழுத்திப் பிடித்த அந்தப் பெரிய மிருகம் அவளைத் துளிகூட அசையவிடவில்லை. ரோஸ் நிறக் குமிழ் அவள் உள்ளங்கைக்குள், எப்போதும் அங்கேயே இருந்ததுபோல், பொருந்திக் கிடந்தது.

கோட்டருகே மாமியார் மகனை இடித்தார். "என்னடா, கை தட்டலையா?"

அவன் வளையலும் கம்மலும் சீப்பும் செருப்புமாக நின்றான். இரண்டு கையும் நிறைந்திருந்தது.