குழாய் அக்காவுக்கு, ஸ்டாண்டு தங்கைக்கு

அப்பா விட்டுப்போன தொலைநோக்கியை மகள்கள் இருவரும் நியாயமாகத்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள். குழாய் அக்காவுக்கு, ஸ்டாண்டு தங்கைக்கு. ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பு. அதனால்தான் முகம் கொடுத்துப் பேசாத இருவரும் அன்று இருட்டத் தொடங்கியதும் அக்கா வீட்டு மொட்டை மாடியில் சேர்ந்து நின்றார்கள்.

ஏழு வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் வால்நட்சத்திரம் அன்று ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகிறது. அதன் நடுப்புள்ளி கடக்கும்போது நட்சத்திரம் மங்குமா? அதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அக்காவுக்கு. வால்நட்சத்திரம் மறுபடி வரும். ஆனால் அப்போது பூமி வேறிடத்தில் இருக்கும், வால்நட்சத்திரம் இதே நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகாது.

பூமி சுழல்வதால் குழாய்க்குள் வானம் நழுவிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டிலுள்ள திருகை விடாமல் மெல்லத் திருப்பினால்தான் பார்க்கிற பொருள் நடுவில் நிற்கும். திருகைத் தங்கை விடவில்லை. கண்ணை அக்கா எடுக்கவில்லை.

"பஸ் ஓட்டுற கையாடி இது? குலுக்காம திருப்பு."

"என் பஸ்ஸுலகூட உட்கார்ந்தவங்க எப்பவாவது எறங்குவாங்க. நீ எப்ப எழுந்திருப்ப?"

"இப்பதான் நெருங்குது. வாயை மூடு."

"அப்பா இருந்தப்பவும் எல்லாம் உனக்குத்தான் முதல்ல."

"ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தியா நீ? பேச வந்துட்டா!"

தங்கை திருகிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

புகைப்பொட்டாய்த் தெரிந்த வால்நட்சத்திரமும் அந்த நட்சத்திரமும் குழாய்க்குள் ஓரத்துக்கு நகர்ந்தன. அக்கா திருகைப் பிடிக்கப் போனாள்.

"தொடாத. ஸ்டாண்டு என்னோடது."

"அப்ப குழாய் என்னோடது!" என்று அக்கா குழாயைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். பிடிப்பு நழுவி, குழாய் வானத்தில் எங்கேயோ பார்த்து நின்றது. திட்டிக்கொண்டே தேடினார்கள். மீண்டும் அகப்பட்டபோது நட்சத்திரம் மறுபக்கம் வந்துவிட்டிருந்தது.

"மங்கல," என்றது தண்ணீர்த் தொட்டி மேலிருந்து ஒரு குரல். பைனாகுலரோடு உட்கார்ந்திருந்த அக்கா புருஷன்.

இருவரும் திரும்பினார்கள்.

"கொஞ்சம்கூட மங்கல. வால்நட்சத்திரத்தோட தலை பார்க்கத்தான் பெருசு. கண்ணாடியில ஊதின மூச்சைவிட லேசு, வெளிச்சம் நேரா வந்துடும். உள்ள இருக்கிற கல்லு ரொம்பச் சின்னது, அது நேரா மறைச்சாத்தான் உண்டு."

"வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றாள் அக்கா.

"ரெண்டு பேரும் ஆகாசத்தையா பார்த்தீங்க?"

தங்கை ஸ்டாண்டைக் கழற்றக் குனிந்தாள்.

"நாசமாக்கிட்டியேடி. இனிமே என் ஆயுசுல இப்படிக் குறுக்கே போறதைப் பார்க்க முடியாது," என்றாள் அக்கா.

"நீயாவது பாதி பார்த்த," என்றாள் தங்கை. "நான் ஒரு தடவைகூடக் கண்ணை வைக்கல."

அக்கா மறுபடி குழாயில் கண்ணை வைத்தாள். நட்சத்திரம் இன்னும் அந்தப் புகையின் ஓரத்தில்தான் இருந்தது. நகர்ந்துகொண்டால் தங்கை பார்க்கலாம்.

மூடியை எடுத்துக் குழாயின் வாயில் அழுத்தினாள்.