கரிப்புள்ளி வைத்த மாங்குற்றி

வினாயகமூர்த்தி செத்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள்தான், பனிச்சங்கேணிக் களப்பின் உப்புத்தண்ணீரோரம் வெட்டுமரமாகக் கிடந்த மாங்குற்றியில் அந்தப் பூச்சிகள் வந்து குந்தத் தொடங்கின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, மாரிக்கு இன்னும் நாள் இருந்தது.

அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை முதலில் அவற்றைக் குளவி என்றே நினைத்தாள். குளவியைப் போல இடை ஒடுங்கியிருந்தது. ஆனால் மண் கொண்டுவரவில்லை, கூடு கட்டவில்லை. பின்னால் உடம்பைவிட நீளமாகக் கறுத்த மயிர் போன்ற ஒரு வால். மீசையால் பட்டையைத் தட்டித் தட்டி நடக்கும். ஓரிடத்தில் நின்று, பின்பக்கத்தை உயரத் தூக்கி, அந்த வாலை வளைத்து மரத்துக்குள் இறக்கும். ஓட்டையே இல்லாத இடத்தில்.

அவள் புருசன் கடைசியாக வாங்கியது அந்தக் குற்றி. தோணி வெட்டவென்று வாகரைப் பக்கம் போய்த் தெரிந்தெடுத்து, மிதக்கவிட்டு இழுத்து வந்து, ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டார். கோடரிப் பிடியால் தட்டி, காதை வைத்துக் கேட்டே மரத்தின் உள்ளைச் சொல்கிற மனிதர். மரம் தன்னை ஏமாற்றாது என்பார். வேறெதிலும் அவர் பெருமை பேசி அவள் கேட்டதில்லை.

அவருடைய தம்பி நல்லரத்தினம் பூச்சிகளைக் கண்டதும் மரம் பழுது என்றான். இவைதான் துளைத்துக் கெடுக்கின்றன, முழுவதும் கெடுமுன் சுண்ணாம்புச் சூளைக்கு விறகாகக் கொடுத்துவிடலாம் என்று சொல்லி, ஓலை மட்டையால் நாலைந்தை அடித்துக் கொன்றான். செத்ததில் ஒன்றை எடுத்து அவள் வாலை இழுத்துப் பார்த்தாள். ஒன்றாக இருந்தது மூன்றாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் இருந்தவை வெறும் உறை. நடுவில் இருந்ததுதான் ஊசி, தையலூசியைவிட மெல்லியது. இது எப்படி மாமரத்தைத் துளைக்கும்? கொட்டுகிறதா, குடிக்கிறதா? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் ஏறாவூரிலிருந்து உசனார் வந்தார். தோணி வெட்டுகிற ஓடாவி, செத்தவருடைய கூட்டாளி, அவள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர். குற்றியின் அருகில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுகள் மரத்தக் கெடுக்க வரல்ல, தங்கச்சி. உள்ள புழு இரிக்கு. அந்தப் புழுவில முட்டை வைக்கத்தான் ஊசிய இறக்குது."

"இவ்வளவு மெல்லிய ஊசிக்குள்ளால முட்டை எப்பிடிக் காக்கா போகும்?"

"நசிஞ்சு நூல் மாதிரிப் போகும். உள்ள போன மறுகாதான் உருண்டையாகும்."

உசனார் வன இலாகாவின் காட்டுக் கந்தோரில் மரம் அரிந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை காட்டித் தந்ததாம். கொட்டுகிற குளவியின் கொடுக்கும் ஆதியில் இந்த முட்டையிடுகிற ஊசிதானாம்; எண்ண முடியாத தலைமுறைகளில் நஞ்சு ஊசியாக மாறிப்போனதாம். அதனால் ஆண் குளவிக்குக் கொடுக்கே இல்லையாம்.

"அப்ப கொட்டுறதெல்லாம் பொம்புளைதானா?" என்றான் நல்லரத்தினம். "எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்."

"உன்ட வீட்டுக் கதை ஊருக்கே தெரியும், விடு," என்றார் உசனார்.

இலட்சுமிப்பிள்ளை சிரிக்கவில்லை. உள்ளே புழு என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டாள். அப்படியென்றால், மரத்தின் உள்ளைக் கேட்ட புருசனுடைய காது பொய்த்ததா?

புழு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மரம் குடைகிற வாய்ச்சியை வைக்க ஏலாது என்று சொல்லிவிட்டு உசனார் போனார். அவள் அடுப்புக் கரியோடு வந்து குற்றிக்குப் பக்கத்தில் குந்தினாள். ஊசி இறங்கிய இடத்தில் எல்லாம் ஒவ்வொரு புள்ளி. நாலு நாள். மச்சாளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நல்லரத்தினம் ஊரெல்லாம் சொன்னான். நாலாம் நாள் பார்த்தால், புள்ளிகள் எல்லாம் அடிப்பக்கத்து மூன்று முழத்தில் நெருங்கிக் கிடந்தன. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்த உசனார் அந்த மூன்று முழத்தையும் மரம் அறுக்கும் வாளால் அரிந்து பிளந்தார். பெருவிரல் பருமனில் வெள்ளைப் புழு ஒன்று தன் குழியில் கிடந்தது. அதன் விலாவில் அந்தப் பூச்சியின் குஞ்சு ஒன்று அரிசிபோல ஒட்டிக்கொண்டு உறிஞ்சியது. நல்லரத்தினம் மிதிக்கக் காலைத் தூக்கினான். அவள் தடுத்தாள். இரண்டில் எதற்காகத் தடுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இந்தப் புழு எப்ப வந்தது?"

"இந்தப் பருமனுக்கு ஒரு வருசமாவது இரிக்கும், மச்சாள்," என்றான் நல்லரத்தினம்.

"ரெண்டு மாசம்," என்றார் உசனார், அவள் முகத்தைப் பாராமல். "வெட்டிக் கிடக்கிற மரத்திலயும் விழும்."

இரண்டு மாதமென்றால், குற்றி இங்கே வந்த பிறகு வந்த புழு. ஒரு வருடமென்றால், அவர் காதை வைத்த அன்றே உள்ளே இருந்த புழு. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவன் தமையனை ஒருநாளும் மெச்சாதவன். மற்றவர் கூட்டாளியின் பெண்சாதியை நோகவைக்க மாட்டாதவர். யார் சொல்லை எடுப்பது?

உசனார் மிச்சத்தைக் கயிறு பிடித்து அளந்தார். பதினொரு முழம்.

"தோணிக்குக் காணுமா காக்கா?"

"இந்தக் களப்பில ஓடுற தோணியெல்லாம் பதினொண்டுதான். அதுக்கு மேல எண்டா ஒடுக்கமான இடத்தில திருப்ப ஏலாது. அவருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா, பதினாலு முழம் என்னத்துக்கு எடுத்தவர்?"

உசனார் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அவள் புருசன் கேட்டே இருப்பாரோ? உள்ளே அரிக்கிறதைக் கேட்டு, அரிந்து எறிய மூன்று முழம் சேர்த்தே வாங்கினாரோ? அப்படியானால் அவளிடம் ஒரு சொல் சொன்னால் என்ன? இல்லை, கிடைத்த குற்றி அந்த நீளம்தானோ?

மிச்சத்தில் தோணி வெட்டச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே குந்தினாள். உசனார் வாய்ச்சியை எடுத்தார். முதல் சிராய் அவள் மடியில் வந்து விழுந்தது.