முத்து காட்டிய தீவு

செஞ்சிக்காரர்கள் கோட்டை மேல் ஏறுகிறார்கள் என்றால் ஆடு காணாமல் போயிருக்க வேண்டும். மற்றபடி கோட்டையின் மூன்று மலைகளும் வெளியூர்க்காரர்கள் மூச்சு வாங்குவதற்கென்றே நிற்கின்றன. ஆகவே மார்கழி விடியலில் நாலு பேர் அவற்றில் ஒன்றான கிருஷ்ணகிரியின் படியில் ஏறுவதைப் பார்த்த பால்காரர், "எத்தினி ஆடு?" என்று கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

"ஆடு இல்லண்ணே, தீவு பாக்கப் போறோம்," என்றாள் லூர்துமேரி. அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுத் தன் வழியே போனார்.

முன்னால் போனவன் அவள் புருஷன் மதலைமுத்து. இடது காலில் இரண்டு விரல் இல்லாததால் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் சாய்ந்துதான் ஏறினான். லூர்துமேரிக்குப் பின்னால் செல்லம்மாள், தன் மாமனார் தனகோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கிழவருக்குக் கை தேவைப்படவில்லை. அவளுக்குத்தான் தேவைப்பட்டது.

மதலைமுத்துவும் செல்லம்மாளின் புருஷன் தாண்டவராயனும் ஒன்றாக ஊரைவிட்டுப் போய், மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, கரி அள்ளிப் போடுகிற வேலையில் சேர்ந்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழியில், சீமைக்கும் வடக்கே எங்கோ, கப்பல் பாறையில் மோதி உடைந்தது. தாண்டவராயனைக் காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. அவ்வளவுதான். இறந்தான் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பாள், இருக்கிறான் என்று எழுதியிருந்தால் சிரித்திருப்பாள். காணவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்னதான் செய்வாள்? தினமும் குங்குமம் வைக்கும்போது, இது பொய்யோ என்று விரல் ஒரு கணம் நிற்கும்.

ஊர் சும்மா இருக்குமா? தாண்டவராயன் அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு குஷாலாக இருக்கிறான் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. தனகோட்டி அதை இறுகப் பிடித்துக்கொண்டார். சொல்ல வெட்கம்தான், சில நாள் செல்லம்மாளும் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியாத அந்த வெள்ளைக்காரியை மனதார வைதுகொண்டே களை பறித்தால் ஒரு பொழுது போய்விடும்.

உலகச் சண்டை முடிந்து, ஊருக்குக் கப்பல் கிடைத்து, போன மாதம்தான் மதலைமுத்து வந்தான். தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இவள் வாசலில் வந்து நின்றான். "தாண்டவன் பூட்டான் தங்கச்சி. என் கையாலதான் பொதச்சேன்," என்றான். செல்லம்மாளுக்குக் கண்ணீர் வரவில்லை. தனகோட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். அதன் பிறகு மூன்று தரம் வந்து சொல்லிப் பார்த்தான்.

"நான் கடலையே பாத்ததில்லண்ணே. தீவுன்னா இன்னான்னு எனக்குத் தெரியும்? எடமே கண்ணுக்குத் தெரியாம எப்டி நம்புறது?" என்று கேட்டாள் அவள்.

அவன் யோசித்துவிட்டு, "அப்ப வாங்க, காட்டுறேன்," என்றான். தனகோட்டியும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

உச்சிக்கு வந்ததும் செல்லம்மாள் தன் ஊரைத் தேடினாள். வயல், ஏரி, கடைத்தெரு ஒன்றையும் காணோம். கீழே எல்லாம் ஒரே வெள்ளைப் பனி. அதற்கு மேலே ராஜகிரியின் தலையும் சந்திராயன் துர்க்கத்தின் தலையும் மட்டும் கறுப்பாக நின்றன.

"இந்த வெள்ளை எல்லாம் கடல்னு வெச்சுக்கோங்க," என்றான் மதலைமுத்து. துரைமாருக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவன் மாதிரி கையை நீட்டினான். "தோ, துர்க்கம் நிக்குதே, அந்த மாதிரி ஒரு பாறையிலதான் கப்பல் மோதுச்சு. ராஜகிரி இருக்குதே, அதான் ஜனங்க இருக்கிற தீவு. அங்கேருந்து படகு போட்டு வந்து என்னைத் தூக்குனாங்க."

"வீடு வாசல் இருக்குதா?" என்று கேட்டாள் லூர்துமேரி. அவளுக்கே இது புதுக் கதை. வந்ததிலிருந்து அவன் வீட்டில் வாயே திறக்கவில்லை.

"கல்லு வீடு. புல்லுக் கூரை. காத்துல பறந்துடாம இருக்க, கயித்துல கல்லைக் கட்டித் தொங்க வுட்டிருப்பாங்க. தீவு பூராத் தேடுனாலும் ஒரு மரம் கெடையாது."

"மரம் இல்லாம அடுப்பு எப்டிடா எரியும்?" தனகோட்டி பிடித்துவிட்டார்.

"மண்ணை வெட்டிக் காயவெச்சு எரிப்பாங்க நைனா."

"மண்ணு எரியுமா? யார் காதுல பூ சுத்துற?"

"சத்தியமா எரியும். மார்கழியில சூரியன் தெக்கால மொளைச்சு, கொஞ்ச நேரத்துல தெக்காலயே முங்கிடும். ஆனியில ராத்திரியே இருக்காது."

பாவம், அவன் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை கூடக்கூடக் கிழவர் முகத்தில் நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. செல்லம்மாளுக்கும் திக்கென்றது. எரிகிற மண்ணும் இருட்டாத ராத்திரியும் உள்ள ஊரில் செத்தவன் மட்டும் எப்படி நிஜமாகச் செத்திருப்பான்?

தனகோட்டி அவன் அருகே போனார். குரல் இறங்கிவிட்டது.

"முத்து, வெள்ளைக்காரியக் கட்டிக்கினான்னே சொல்லிடுடா. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். இவளுக்கும் நான் சமாதானம் சொல்றேன். எங்கியாவது நல்லா இருந்தாப் போதும்டா."

செல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரைக் கோபிக்க அவளால் முடியவில்லை.

"வெள்ளைக்காரி ஒருத்தி இருந்தா நைனா," என்றான் மதலைமுத்து. "வயசானவ. அவ புருஷனும் கடல்ல போனவனாம். ரெண்டாம் நாளு தாண்டவன் உசுரில்லாமக் கரை ஒதுங்குனப்ப, தன் கம்பளியக் கொண்டாந்து அவனுக்குச் சுத்துனா. அந்த ஒருத்திதான்."

அவன் ராஜகிரிப் பக்கம் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

"கல்லுத் தரை. நாலு பேரு ஒரு பகல் பூராக் கடப்பாரையால நெம்பிக் குழி வெட்டுனாங்க. நான் நொண்டிக்கினு போயிப் பாத்தா, மேக்கால தலை வெச்சு வெட்டியிருக்காங்க. அங்க எல்லாக் குழியும் அப்டித்தான். நம்மூர்ல தெக்கால தலை வெக்கணுமேன்னு எனக்கு மனசு கேக்கல. சொல்றதுக்குப் பாஷை இல்ல. இன்னா பண்றது? குழிக்குப் பக்கத்துல பனியில நானே படுத்துட்டேன்."

"படுத்துட்டியா?" என்றாள் லூர்துமேரி.

"ஆமா. எனக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு தூக்கப் பாத்தாங்க. நான் எழுந்திருக்கல. இப்டிதான்." அவன் உதிக்கிற சூரியனைப் பார்த்துத் திசை பிடித்துக்கொண்டு, தெற்கே தலை வைத்துப் பாறை மேல் மல்லாந்து படுத்தான். கையை மார்பில் வைத்துக் கண்ணை மூடினான். "ரொம்ப நேரம் கழிச்சு அதுல ஒருத்தருக்குப் புரிஞ்சுது. குல்லாயக் கழட்டுனாரு. ஒண்ணும் பேசாம கடப்பாரைய எடுத்துப் புதுசா ஒரு குழி வெட்ட ஆரம்பிச்சாரு. மத்தவங்களும் எறங்குனாங்க. அந்த மேட்டுல எல்லாரும் ஒரு வாட்டமாப் படுத்திருக்காங்க. நம்ம தாண்டவன் மட்டும் குறுக்கால படுத்திருக்கான்."

செல்லம்மாளுக்கு அந்த இடம் தெரிந்தது. கல் மேடு, வரிசை வரிசையாகக் குழிகள், குறுக்கே ஒன்று. கடலைப் பார்க்காதவளுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அவள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

தனகோட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். படுத்திருந்தவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"தலை கொஞ்சம் மேக்கால போச்சுடா," என்றார். "மார்கழிச் சூரியன் தெக்கால சாஞ்சு மொளைக்கும். அதை வெச்சுத் தெக்கு புடிக்கக் கூடாது." அவன் தோளைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். தலையை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்தார். "அங்க சரியா வெச்சியா?"

"சரியா வெச்சேன் நைனா."

கிழவர் தலையை ஆட்டினார். தோள் துண்டை எடுத்து மடித்து அவன் தலைக்கு அடியில் கொடுத்தார். பிறகு நெற்றியில் கை வைத்தார்.

"தரை சில்லுனு இருக்குது, எழுந்துர்றா," என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை. மதலைமுத்துவும் எழுந்திருக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் காதோரம் வழிந்தது.

செல்லம்மாள் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. லூர்துமேரி பின்னாலிருந்து அவளை அணைத்துக்கொண்டாள். அழுது முடிய வெகுநேரம் ஆயிற்று.

"மாமா," என்றாள் கடைசியில். "அவருக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுடலாம்."

"செய்யலாம்மா," என்றார் தனகோட்டி. "கொஞ்சம் இரு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாம்."