பெல் அடித்தால் தோட்டம் தெரியும்

காரமடை அங்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய தோட்டத்து மோட்டாரைக் கோயமுத்தூரில் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள்.

வைத்தது லாஸ்யா என்கிற பெண். மனுஷருக்கும் மிஷினுக்கும் என்ன உறவு என்பதைக் கலை செய்து பார்த்துத்தான் கண்டுபிடிப்பாளாம். அங்கப்பன் வாழைக்குத் தண்ணீர் விடுகிற மோட்டாரைச் செல்போனில் கூப்பிட்டுப் போடுகிறவர். டீக்கடையிலிருந்து போடுவார், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டும் போடுவார். ஸ்டார்ட்டருக்குள் ஒரு சிம் இருக்கிறது. ஒரு ரிங் போனால் ஓடும், மறு ரிங்குக்கு நிற்கும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தோட்டம் நனைந்திருக்கும். யார் நனைத்தது என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

லாஸ்யா வாய்க்கால் ஓரம் ஒரு கேமராவை நட்டுவிட்டுப் போனாள். அவர் மோட்டாரைப் போடும்போதெல்லாம் கோயமுத்தூர் ஹாலில் பெல் அடிக்கும், திரையில் தோட்டம் தெரியும்.

"தோட்டமே என்ற ஃபோன்லதானுங்க ஓடுது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, சலவை வேட்டியில் ஒரு மத்தியானம் ஹாலுக்கே வந்து சேர்ந்தார். டவுனிலும் அந்தப் பேர் நிலைத்துவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

கூட்டத்தின் நடுவே நின்று மோட்டாரைக் கூப்பிட்டார். பெல் அடித்தது. திரையில் தண்ணீர் வந்தது. கைதட்டினார்கள். அங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு திரைக்குள் அவர் மனைவி சென்னியம்மாள் ஓடி வந்தாள். சோற்றுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மம்பட்டியை எடுத்து மடையை வெட்டினாள். ஒரு பாத்தி நிரம்பியதும் அதை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். முதுகு நிமிரவே இல்லை.

"பெல் அடிச்சா இவங்க வந்துர்றாங்க" என்றார் பக்கத்தில் நின்றவர். அடிக்கடி வந்து பார்க்கிறவர் போலிருக்கிறது. "நேத்துத் தலைக்குக் குளிச்ச ஈரத்தோட ஓடியாந்தாங்க. யாருங்க இவங்க?"

அங்கப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஊட்டுக்காரிங்க" என்றார்.

போய்ச் சாப்பிடட்டும் என்று மறு ரிங் கொடுத்து மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் வற்றியது. சென்னியம்மாள் நிமிர்ந்து வாய்க்காலைப் பார்த்தாள். மம்பட்டியைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்தாள்.

"எங்கீங்க போறாங்க?" என்றாள் லாஸ்யா.

"மோட்டாருக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பாக்கப் போறாளுங்க. சோத்தப் பாதியில வெச்சுப்போட்டு வந்திருக்கறா."

"அப்ப ஃபோன் பண்ணிச் சாப்பிடச் சொல்லுங்க."

அங்கப்பன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார்.

"சிம்மு மோட்டாருக்கு மட்டுந்தானுங்க அம்மணி வாங்கிக் குடுத்திருக்கறேன்."