பத்தில் பிடித்த டேப்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்டு முடிந்து வந்த பூவராகவன், கை கால் கழுவியதும் நோட்டோடு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் ஞாயிறு காலை பத்தரைக்குத் திருவள்ளூரில் ஆர்கிடெக்டை முதல்முறை பார்க்க வேண்டும். "வீட்டுல என்னென்ன சாமான் இருக்கு, என்ன அளவு, எது எங்க வேணும், எல்லாம் எழுதிக் கொண்டுவாங்க" என்று அந்த அம்மாள் போனில் சொல்லியிருந்தார்.

கம்பெனியில் கூட வேலை பார்க்கும் யேசுதாஸ் இதைக் கேட்டுச் சிரித்திருந்தான். "ரெண்டே முக்கா சென்ட் மனைக்கு ஆர்கிடெக்டா நைனா? நம்ம மேஸ்திரி டீ குடிச்சி முடிக்கிறதுக்குள்ள பிளான் போட்ருவாரு."

மேஸ்திரி எதையும் கேட்கமாட்டார். தனக்கு என்ன வேண்டுமென்பதே சந்தேகமாக இருப்பவனுக்குக் கேட்கிற ஆள்தான் தேவை என்று பூவராகவன் நினைத்தான். மாலை வகுப்பில் படித்த டிராயிங்கை வைத்து வரைதாளில் ஒரு பிளானும் போட்டிருந்தான். சாமான்களை இரண்டு முறை அளந்தான். இரண்டு முறையும் ஒரே எண் வந்தது. வராதது ஒன்றுதான்: மனைவி குணசுந்தரியின் தையல் மேஜைக்கு ஜன்னலோரத்தில் இடம்.

அவள் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைக்கிறாள். இந்த வாடகை வீட்டில் பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் துணி வெட்டுகிறாள். நூலின் நிறம் தெரியாமல் வாசலுக்கு ஓடி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டு வருவாள். புது வீட்டில் அவள் கேட்டது ஒரு ஜன்னல்.

அவன் போட்ட பிளானில் முன்னறையின் ஜன்னல் சுவர் 335 சென்டிமீட்டர். பீரோ 101, டிவி மேஜை 100, தையல் மேஜை 162. கூட்டினால் 363. ஆகவே தையல் மேஜை மாடிப்படிக்குக் கீழே போயிருந்தது.

குணசுந்தரி தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, என்னைப் படிக்கட்டுக்குக் கீழ தள்ளிட்டீங்க? மோட்டார் வெக்கிற எடம் இல்ல அது?"

"சுவரு பத்தல குணா. கணக்கைப் பாரேன்."

அவள் கணக்கைப் பார்த்தாள். "மேஜை நூத்தி அறுபத்திரண்டா? யாரு ஊட்டு மேஜை?" கழுத்தில் கிடந்த தையல் டேப்பை எடுத்து மேஜைமேல் நீட்டினாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அறுபது அங்குலம் சரியாக நின்றது. "அஞ்சடி. தெனம் இதுமேல வெட்டிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அஞ்சடி என்றால் 152. பூவராகவன் தன் இரும்பு டேப்பை எடுத்தான். "முனையைப் பிடி." அவள் பத்தாவது சென்டிமீட்டர் கோட்டை மேஜை விளிம்பில் வைத்தாள்.

"அங்க ஏன் பிடிக்கற?"

"நீங்கதான சொன்னீங்க, கொக்கி வளைஞ்சிக்கினு கீது, பத்துல பிடின்னு!"

அவனுக்குக் காது சூடாகியது. கம்பெனியில் அப்படித்தான் அளப்பார்கள். முனை கெட்ட டேப்பைப் பத்தில் பிடிப்பது, வந்ததில் பத்தைக் கழிப்பது. படித்துச் சொல்வது அவன். கழித்து எழுதுவது யேசுதாஸ். வீட்டில் படித்ததும் அவன், எழுதியதும் அவன். கழிக்க ஆளில்லை.

ஒவ்வொன்றிலும் பத்தைக் கழித்தான். 91, 90, 152. மொத்தம் 333.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சி. ரெண்டு சென்டி மிச்சம்." சொன்னதுமே சந்தேகம் வந்துவிட்டது. "அது சுவர் பூச்சுக்கே போயிடும். பூச்சைச் சேர்த்தேனான்னு ஞாபகம் இல்ல."

"நல்லாருக்கு. நாளைக்கு அந்தம்மா எடமில்லன்னா நீங்க தலையாட்டிட்டு வந்துடுவீங்க."

அவனுக்கே தெரியும், அப்படித்தான் செய்வான்.

"நானும் வரேன். எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

"ஏழே கால். ஊத்துக்கோட்டையில மாறணும்."

அவள் தையல் டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, உலை வைக்கப் போனாள். பூவராகவன் படிக்கட்டுக்குக் கீழே வரைந்திருந்த கட்டத்தை ரப்பரால் அழித்தான். ஜன்னலுக்குக் கீழே புதிதாகக் கட்டம் போட்டு, இந்தத் தடவை பேனாவால் எழுதினான்: தையல் மேஜை, 152. இடம் மாற்றக் கூடாது. நோட்டின் முதல் பக்கத்தில் 'போவது: நான்' என்றிருந்ததை அடித்து 'இருவர்' என்று திருத்தினான்.